கோடைமழைக்கு ஏற்ற மழைச்சட்டை

மழையில் உடம்பு நனையாதபடி உடைக்குமேல் அணிந்துகொள்ளும் நீர்புகா ஆடையை உலகவழக்கில் மழைக்கோட்டு என்கின்றோம். கோட்டு என்பது ஆங்கிலச் சொல்லாதலின் இக்கட்டுரையில் அதனை மழைச்சட்டை என்றே வழங்குவேன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, யவனர் அணிந்த சட்டையை மெய்ப்பை என்று குறிக்கின்றது. மெய்யை உள்ளிட்டுக்கொள்ளும் பை என்பது அதன் பொருள். அழகிய இச்சொல்லை இங்கே ஆளலாம் என்று முதலில் ஆசை எழுந்தது. ஆனால் கடைவீதியிற் சென்று "ஐயா, மெய்ப்பை ஒன்று எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்கும் மாணவனை வணிகர் எவ்வாறு நோக்குவர் என்பதை எண்ணி அவ்வாசையை விடுத்தேன். எனினும் அப்பழஞ்சொல் நம் ஆராய்ச்சிக்கு நல்லதொரு தொடக்கமாகும். நீர்புகாச் சட்டை உண்மையில் ஒரு பையே. வெளிநீர் அதனுள் எளிதிற் புகாது. உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளிப்படவும் மாட்டாது. மழைச்சட்டையைப்பற்றிய நன்மை தீமைகள் யாவும் இவ்விரண்டினுள் அடங்கிவிடுகின்றன.

ஆண்டுதோறும் விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் நாட்களில், "எந்தச் சட்டை மிகுந்த மழையைத் தாங்கும்?" என்று மாணவர் ஒருவரையொருவர் வினவுதலைக் கேட்கின்றோம். குளிர்நாட்டில் வாழ்வோர்க்கு இவ்வினா பொருத்தமுடையதே. நம் நாட்டுக் கோடைமழையை எண்ணுங்கால், இவ்வினாவிற்கு முன்னர்க் கேட்கவேண்டிய வேறொரு வினா உண்டு. உள்ளே தோன்றும் வியர்வைக்குச் சட்டை எவ்வழியை வைத்திருக்கின்றது என்பதே அது. இதனைக் கேளாமல் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய சட்டை, வெளிநீரைத் தடுத்துவிட்டு நம்மை நம் நீரினாலேயே நனைத்துவிடும்.

கோடைமழை என்று நான் கருதுவன இரண்டு. சித்திரை வைகாசித் திங்களில், பகலெல்லாம் வெயில் காய்ந்து மாலையில் இடியும் மின்னலுமாய் வந்து அரைமணி அல்லது ஒருமணி நேரம் கொட்டித் தீர்க்கும் மழை ஒன்று. ஆனித் திங்கள் முதலாகத் தென்மேற்குப் பருவக்காற்றால் கன்னியாகுமரி, தென்காசி முதலிய மேற்புறத்து ஊர்களிற் பெய்யும் தூறலும் சாரலும் மற்றொன்று. இரண்டும் பெய்யும்போது காற்றுக் குளிர்ந்துவிட்டதுபோலத் தோன்றினும், வெப்பமானி ஏறத்தாழ 25 முதல் 28 பாகை சென்டிகிரேடு வரை காட்டும். காற்றிலோ ஈரம் நிறைந்திருக்கும். ஆகவே நாம் வெம்மையும் ஈரமும் ஒருங்கே சூழ்ந்த நிலையில் நீர்புகாப் பை ஒன்றனுள் புகுகின்றோம் என்பதை மறத்தலாகாது. குற்றாலத்துச் சாரலில் கழுத்துவரை பொத்தான் இட்ட மழைச்சட்டையோடு நிற்பவனைக் கண்டு நகையாதார் இலர். அந்நகைப்பில் ஓர் உண்மையும் இருக்கின்றது. அங்கு நனைவதனால் வரும் துன்பத்தினும் மூடிக்கொள்வதனால் வரும் துன்பமே பெரிது.

நம் முன்னோர் மழைக்கு என் செய்தனர்? நற்றிணையின் 142 ஆம் பாட்டில், பால் விற்கும் இடையன் ஒருவன் முதுகில் பனையோலைப் பாயை இட்டுக்கொண்டு, கோலின்மேற் கால்வைத்து நின்று ஆட்டைக் காக்கின்றான். அவ்வோலைப்பாய்க்குப் பறி என்பது பெயர். நுண்ணிய தூவல் அவனை ஒருபுறத்தே நனைக்கின்றது என்று புலவர் கூறுவதைக் கூர்ந்து நோக்குக. ஒருபுறம் நனைகின்றது, மறுபுறம் நனையவில்லை. பறி மழைவரும் திசையை மட்டும் மறைத்து, மற்றத் திசைகளைக் காற்றுக்கு விட்டிருக்கின்றது. பிற்காலத்தில் உழவர் சாக்கை மூலைமடித்துத் தலையிலிட்டுக்கொண்ட கொங்காணியும் இவ்வகையினதே. கொங்குநாட்டார் இதனைக் கொங்காடை என்பர். குனிந்து நாற்று நடுவார்க்கு மழை விழுவது முதுகில். அதனால் முதுகை மட்டும் மறைத்துக்கொண்டனர். வேலை செய்யும் உடம்பு வியர்க்கும் என்பதும், வியர்வைக்குக் காற்று வேண்டும் என்பதும் அவர்கள் எவரிடமும் பாடங்கேட்டு அறிந்தன அல்ல. முழு உடம்பையும் மூடும் சட்டை வெப்பநாட்டில் தோன்றாமைக்குக் காரணம் அறியாமை என்று கொள்ளுதல் பிழை.

முழுதும் மூடும் நீர்புகாச் சட்டை ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் உருவாயிற்று. சார்ல்ஸ் மக்கின்டாஷ் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே அதனைப் பூசி ஒட்டும் முறைக்கு 1823 இல் உரிமை பெற்றார். அவர் பெயராலேயே ஆங்கிலத்தில் மழைச்சட்டை இன்றும் வழங்குகின்றது. அச்சட்டை குளிரில் விறைத்தும் வெயிலில் இளகி ஒட்டியும் தொல்லை தந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் அக்குறை நீங்கும் என்று அமெரிக்கராகிய சார்ல்ஸ் குட்இயர் 1839 இல் கண்டார். நம் நாட்டில் சுரேந்திர மோகன் போசு 1920 இல் கல்கத்தாவில் தொடங்கிய தொழிற்சாலையின் டக்பேக் சட்டைகள் பல தலைமுறை மாணவர்களைப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தன. நம் இல்லங்களில் தாத்தாவின் பெட்டியைத் திறந்தால் அவற்றுள் ஒன்று இன்னும் கிடைத்தல் கூடும். கனமும் ரப்பர் நாற்றமும் உடையதேயாயினும், உழைப்பில் அதற்கு நிகர் அரிது. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகின்றேன். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் மழைக்காலத்தே பால்வெட்டு நிற்காதிருத்தற்பொருட்டு, ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பிளாஸ்டிக்குத் தாளாற் பாவாடைபோல ஒன்றைக் கட்டிவிடுவர். மனிதனுக்கு மழைச்சட்டை ஈந்த மரம் தானும் ஒரு மழைச்சட்டை அணிந்து நிற்கின்றது. அதுவும் இடையில் மட்டும், சுற்றிலும் காற்றாட!

ரப்பர்ச் சட்டையின் உள்வியர்வை நெடுங்காலம் தீராத குறையாகவே இருந்தது. 1969 இல் அமெரிக்கராகிய ராபர்ட் கோர் ஒருவகை ஃபுளோரின் பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து, கண்ணுக்குப் புலப்படாத எண்ணிறந்த நுண்டுளைகளையுடைய மெல்லிய சவ்வாக்கினார். நீர்த்துளி அத்துளைகளில் நுழையாது, நீராவி நுழையும். கோர்-டெக்ஸ் எனப் பெயர்பெற்ற அச்சவ்வும், அதனைப் பின்பற்றிய வேறு பலவும் இன்று உயர்ந்த விலையுள்ள சட்டைகளில் அமைந்துள்ளன. 'மூச்சுவிடும் சட்டை' என்று இவற்றை விளம்பரப்படுத்துவர். இம்மொழி நம்மவரை மயக்குகின்றது. சவ்வு தானே மூச்சு விடுவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் மிகுதியாயும் வெளியே குறைவாயும் இருக்குமாயின், அவ்வேற்றுமையே ஆவியை வெளியே தள்ளுகின்றது. வேற்றுமை மிகுந்தால் ஆவி விரைந்து செல்லும், குறைந்தால் மெல்லச் செல்லும், இல்லையாயின் நின்றுவிடும்.

இதனை எண்களால் நோக்குவோம். வியர்வையால் நனைந்த தோல் 34 பாகை வெப்பத்தில் இருப்பதாகக் கொள்வோம். அங்கே நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 40 மி.மீ. பாதரசம். மழை பெய்யும் காற்று ஈரத்தால் நிறைந்தது என்று கொண்டால், 10 பாகையுள்ள ஐரோப்பிய மழையில் வெளியழுத்தம் 9 மி.மீ.; நம்முடைய 27 பாகை மழையில் அது 27 மி.மீ. ஆகவே அங்கே ஆவியைத் தள்ளும் வேற்றுமை 31. இங்கே 13 மட்டுமே. அதே சட்டை, அதே விலை; ஆயினும் வேலை பாதிக்கும் குறைவு. வியர்வையோ இங்கே மிகுதி. உட்கார்ந்திருக்கும் மனிதன் உடம்பில் ஏறத்தாழ 100 வாட்டு வெப்பம் உண்டாகின்றது. விரைந்து நடக்கும்போது அது மும்மடங்காகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த 300 வாட்டையும் வியர்வையே போக்குவதாயின் மணிக்கு ஏறத்தாழ 450 கிராம் நீர் ஆவியாதல் வேண்டும். அஃதாவது அரைமணி நேர நடையில் ஒரு தம்ளர் நிறைய நீர்! அது வெளியேறாவிடின் எங்கே போகும்? நம் சட்டைத் துணியிலும் முதுகிலும் தங்கும். ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. மழையும் நின்று வெயிலும் எழுந்தபின்னர்ச் சட்டையைக் கழற்றும் மாணவன், நனைந்தவனைவிடப் புழுங்கினவனாய்க் காணப்படுதற்குக் காரணம் இதுவே.

அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்களைப்பற்றியும் ஒருசிறிது அறிதல் நலம். அவை பெரும்பாலும் இரண்டு. 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்பன துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம். 1,500 மி.மீ. உயர நீர்த்தூணைத் தாங்கினாலே அத்துணியை நீர்புகாததென வணிகர் கொள்வர். தோளிற் பையின் வார் அழுந்துமிடத்தும், ஈரமான இருக்கையில் உட்காருமிடத்தும் அதனினும் மிகுந்த வலிமை வேண்டும். 5,000 உடைய துணி நம் சாலைகளுக்குப் பெரிதும் போதும். 20,000 என்பதற்காகப் பொருள் மிகுதியாகக் கொடுத்தல் வேண்டா. மற்றோரெண், ஒரு சதுரமீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளிவிடும் ஆவியின் அளவைக் கிராமிற் கூறுவது. இதனை ஆராயும் முறைகள் பல. அவற்றுள் ஒன்றில், துணியின் ஒருபுறம் நீரும் மறுபுறம் நீரை வலிந்துறிஞ்சும் பொட்டாசியம் அசிட்டேட்டு என்னும் உப்பின் கரைசலும் இருக்கும். ஒரே துணி ஒரு முறையில் பெரிய எண்ணையும் மற்றொரு முறையில் சிறிய எண்ணையும் பெறுதலும் உண்டு. நம் ஊர் மழைக்காற்று அவ்வுப்பைப்போல் நம் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளுமாயின் இக்கட்டுரைக்கே இடமில்லை.

ஆகவே நான் கொண்ட முடிவு இது. கோடைமழைக்குச் சட்டை வாங்குவோர், துணி மூச்சுவிடுகின்றதா என்று பார்த்தலைவிடச் சட்டையின் அமைப்புக் காற்றை விடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். அக்குளின்கீழ்த் திறந்து மூடும் ஜிப்பு, முதுகில் மடிப்பின்கீழ் மறைந்த வலைத்துணித் திறப்பு, அகன்ற கை, தொளதொளத்த உடல் ஆகிய இவை எந்தச் சவ்வினும் மிகுதியான ஆவியை வெளியே கொண்டுபோகும். காற்றே வந்து அள்ளிச் செல்லுமாதலின் ஈண்டு அழுத்த வேற்றுமைக்குக் காத்திருத்தல் இல்லை. தம் அளவினும் ஓரளவு பெரியதாக வாங்குதல் நன்று. உடம்போடு ஒட்டிய சட்டை அழகாயிருக்கலாம்; ஆனால் மழையில் அழகு பார்ப்பவர் யார்? முக்காட்டோடு கூடிய போர்வைபோல் தலைவழியே அணியும் போஞ்சோ என்பது இவ்வகையில் மிகச் சிறந்தது. அது பறியின் வழித்தோன்றல் என்றே சொல்லத் தோன்றுகின்றது. புத்தகப்பையையும் சேர்த்து மூடும் பெருமை அதற்கு உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளிற் செல்வோர் அதனை அணிதல் கூடாது. காற்றிற் பறக்கும் அதன் முனை சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்குமாயின் உயிர்க்கே கேடாம். அவர்கள் சட்டையும் காற்சட்டையுமாகப் பிரிந்த வகையையே கொள்ளுதல் வேண்டும். நடந்து செல்வோர்க்கோ, காற்று மிகாதவிடத்து, குடையினும் சிறந்தது ஒன்றும் இல்லை என்பது என் துணிபு.

துணிவகைகளுள் மலிவானது பாலிவினைல் குளோரைடு பூசியது. கடைகளிற் பளபளவென்று தொங்குவன பெரும்பாலும் இவையே. நீரை முற்றிலும் தடுக்கும். ஆனால் கனம் மிகுதி, மடித்த இடத்தில் நாளடைவில் வெடிக்கும், வியர்த்த கையில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். பாலியூரித்தேன் பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர்த் துணி மெல்லியது. சட்டை முழுவதும் 200 முதல் 350 கிராமுக்குள் அடங்கும். ஒரு கைப்பிடிக்குள் சுருட்டிப் பையின் மூலையில் வைத்துவிடலாம். விலையும் தரமும் ஒருங்கே நோக்கின் மாணவர்க்கு ஏற்றது இதுவே. சிலிக்கோன் பூசிய நைலான் இன்னும் மெல்லியதும் வலியதுமாம். ஆனால் அதன் தையலில் நாடா ஒட்டாதாகையால், சிலிக்கோன் பசையைத் தையல்தோறும் பூசுதல் வேண்டும். நூலின் நுண்மையை டெனியர் என்னும் அளவாற் கூறுவர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20 டெனியர்ச் சட்டை இறகுபோலிருக்கும். முட்செடி பட்டால் இறகுபோலவே கிழியும். நாள்தோறும் சைக்கிளிற் செல்வோர் 40 முதல் 70 டெனியர் உள்ளதைக் கொள்வதே அறிவுடைமை.

கடையிற் சட்டையைக் கையிலெடுத்தவுடன் அதனை உட்புறம் வெளியாகத் திருப்புக. நீர் பெரும்பாலும் துணிவழியே புகுவதில்லை; ஊசி செய்த துளைவழியே புகுகின்றது. ஆதலால் தையல்கள் யாவற்றின்மேலும் நாடா ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். தோளிலும் முக்காட்டிலும் மட்டும் ஒட்டி, பக்கத் தையலை வெறிதே விட்ட சட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. பின்னர் அதனை அணிந்து, சைக்கிளின் கைப்பிடியைப் பற்றுவதுபோலக் கைகளை நீட்டிப் பார்க்க. கைமுனை முழங்கையை நோக்கி ஏறுமாயின் மழைநீர் அவ்வழியே அக்குள்வரை ஓடிவரும். முன்னாலுள்ள ஜிப்பின்மேல் ஒரு மடிப்பு இருத்தல் இன்றியமையாதது. முக்காட்டிற்கு முன்விளிம்பு சற்றுக் கெட்டியாய் நீண்டிருந்தால் கண்ணிலும் மூக்குக்கண்ணாடியிலும் நீர் வடியாது. தலையைத் திருப்புகையில் முக்காடும் கூடத் திரும்புகின்றதா என்று பார்க்க மறவற்க. திரும்பாத முக்காடு பக்கத்தே வரும் பேருந்தை மறைத்துவிடும். நிறத்தைப்பற்றி மாணவர் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அழுக்குத் தெரியாத கருநீலத்தையே தேடுகின்றனர். மாலை மயக்கத்தில் மழைபெய்யும்போது, நனைந்த கண்ணாடிக்குப் பின்னிருக்கும் ஓட்டுநர்க்குக் கருநீலச் சட்டையணிந்த சைக்கிள்காரன் இல்லாதவனுக்குச் சமம். மஞ்சளோ செம்மஞ்சளோ வாங்குக. முதுகில் ஒளிமீட்டும் பட்டை ஒன்று இருந்தால் மேலும் நலம். இடிமின்னலுக்கு எந்தச் சட்டையும் காவலன்று. அந்நேரத்தில் கட்டடத்துள் ஒதுங்கி நிற்பதே செயற்பாலது. மரத்தடியில் ஒதுங்குதல் கூடாது.

இங்கே ஒன்றைப் பொறுமையோடு எண்ணிப் பார்க்குமாறு என் தோழர்களை வேண்டுகின்றேன். வெப்பநாட்டு மழையில் உடம்பு சிறிது நனைதல் பெருங்கேடன்று. வீடு சேர்ந்து துவட்டி உலர்ந்த ஆடை உடுத்தால் முடிந்தது. நனைந்தால் மீளாதன புத்தகமும், எழுதிவைத்த குறிப்பேடும், கைப்பேசியுமே. பொருள் குறைந்தவர் இரண்டனுள் ஒன்றையே வாங்க இயலுமாயின், முதலில் பைக்கு ஒரு நல்ல உறையை வாங்குக. தேர்வுக்கு முன்மாதத்தில் ஓராண்டுக் குறிப்புகளின் மை கரைந்து ஒன்றாகிவிட்ட மாணவனுக்கு, விலையுயர்ந்த சட்டை அணிந்து உலர்ந்த உடம்போடு நிற்றலால் என்ன ஆறுதல்? உடம்புக்கு மலிவான போஞ்சோவும் பைக்கு உறுதியான உறையும் என்பதே விடுதி மாணவர்க்கு நான் கூறும் கணக்கு.

மலைமேற் செல்லும்போது இக்கணக்கு மாறிவிடும். உயரம் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகைக்குமேற் குறையும். கொடைக்கானலும் உதகமண்டலமும் 2,000 மீட்டருக்கு மேற்பட்டன. ஆங்கே மழையிற் காற்றும் சேருமாயின் நனைந்த உடம்பு நடுங்கத் தொடங்கும். நெடுநேரம் நடுங்குதல் உயிர்க்கும் ஏதமாகலாம். மேலே கண்ட ஆவியழுத்தக் கணக்கும் அங்கே சவ்வுக்குச் சார்பாகத் திரும்பும். மலைநடைப் பயணம் மேற்கொள்ளும் நண்பர்கள் சவ்வுள்ள சட்டைக்குப் பொருள் செலவிடுதல் தக்கதே. ஆனால் அவ்வகைச் சட்டையின் வெளித்துணியில் நீர் முத்துமுத்தாய் உருண்டோடும்படி ஒருவகை மெழுக்குப் பூசப்பட்டிருக்கும். அது தேய்ந்தால் துணி நீரைக் குடித்துக்கொண்டு ஆவிக்கு வழியடைத்துவிடும். நெடுங்காலம் அம்மெழுக்குக்குப் பயன்பட்டவை ஃபுளோரின் கலந்த இரசாயனங்கள். மண்ணிலும் நீரிலும் சேர்ந்தபின் அவை எளிதிற் சிதையாமல் தங்கிவிடுகின்றன என்று கண்டு, அவற்றுள் ஒன்றை உலகநாடுகள் 2019 இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலிற் சேர்த்தன. கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் இவ்வினத்துப் பொருள்கள் பூசிய ஆடைகட்குத் தடை வந்தது. கடுமழைக்கான சில உடைகட்கு மட்டும் தவணை அளிக்கப்பட்டது. பிரான்சு நாடும் 2025 இல் சட்டம் இயற்றி 2026 சனவரி முதல் தடுத்தது. இன்று ஃபுளோரின் இல்லாத மெழுக்குகள் கிடைக்கின்றன. அவை விரைவிற் தேயும், மீண்டும் பூசிக்கொள்ளலாம். சில திங்கள் கூடுதலாக நம் தோள் உலர்ந்திருத்தற்காக, நெடுங்காலம் நீங்காத நஞ்சை ஆற்றில் விடுதல் தகுமோ?

மெல்லிய சட்டையைப்பற்றி இவ்வளவு எழுதியபின், மெல்லிய சட்டை பயன்படாத ஒரு கூட்டத்தாரையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஆனைமலையில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் தென்மேற்கு மழை நாட்கணக்காய் விடாது பெய்யும். மழைக்காகக் கொழுந்து பறித்தல் நிற்பதில்லை. பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். இருகையும் வேலையில் இருத்தலாற் குடை பிடித்தல் இயலாது. இடுப்பளவு செடியினூடே நடப்பதால் மேலிருந்து விழும் நீரினும் செடியிலிருந்து வரும் நீர் மிகுதி. 20 டெனியர் நைலான் அங்கே ஒருநாளும் தாங்காது. முற்காலத்தே தோட்டத்தார் அவர்களுக்குக் கம்பளி கொடுத்தனர். ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கியும் ஈரமாகத் தோன்றாது. நனைந்தும் வெம்மை தரும். ஆனால் முழுதும் நனைந்த கம்பளியைத் தலையில் தாங்கி மேட்டில் ஏறுதல் எளிதன்று. இன்று இடுப்பைச் சுற்றிக் கெட்டியான தார்ப்பாயும், தலையும் முதுகும் மூடப் பிளாஸ்டிக்குத் தாளுமாய் அவர்கள் தாமே வகுத்துக்கொள்ளும் உடையைக் காண்கின்றோம். கீழே உறுதி, மேலே இலேசு, கைகள் வெறுமை. விலையுயர்ந்த சட்டை வகுப்போர் இவர்களிடம் வந்து பாடங்கேட்டால் நல்லதொரு தொழிலுடை உண்டாகும் என்று எண்ணுகின்றேன். நாம் கடையிற் சட்டையை அணிந்து கண்ணாடி பார்க்கும் நேரத்தில் நம் காலைத் தேநீருக்கு வேண்டிய கொழுந்து இவ்வாறு பறிக்கப்படுகின்றது.

இனி, வாங்கிய சட்டையைப் பேணும் முறை. மழையில் வந்தவுடன் அதனை உதறி நிழலில் தொங்கவிடுக. வெயிலில் இடுதலும் இஸ்திரிப்பெட்டி வைத்தலும் பூச்சைக் கெடுக்கும். ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியுள் வைத்தலே மழைச்சட்டைக்குப் பெரும்பகை. பாலியூரித்தேன் பூச்சு வெம்மையும் ஈரமும் கூடினவிடத்தில் மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்துப் புளித்த நாற்றம் வீசி, ஈற்றில் தோலுரிவதுபோல உரிந்துவிடும். அவ்வாறு உரிந்ததற்கு மருந்து இல்லை. அழுக்கானால் வெறுநீரிலோ சிறிது சவர்க்காரம் கலந்த நீரிலோ கையால் அலசினாற் போதும். தாத்தாவின் ரப்பர்ச் சட்டை பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டதாயின், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி முகமாவைத் தூவி வைக்கலாம். சிறு கிழிசல் நேர்ந்தால் ஊசி கொண்டு தைக்கவேண்டா. தைத்தால் ஒரு துளை பத்தாகும். உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, வட்டமாக வெட்டிய ஒட்டுத்துணியைக் கிழிசலின்மேல் அழுத்தி, கனமான அகராதி ஒன்றை அதன்மேல் ஓரிரவு வைத்துவிடுக.